பொட்டு நிற்காத கார்

கடவுள் இந்த உலகத்தைப் படைத்து முடித்த கையோடு ரிஜெக்ட்டைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் நாம் யாருமே பிறந்திருக்க மாட்டோம். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்து, இமயமலை மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்திருப்பார். ஃபினிஷிங் சரியில்லை என்று காரணமும் சொல்லியிருப்பார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாட்களில் ஆவடி ஃபாக்டரியிலும், நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸிலும் அவர் ரிஜெக்ட்தான். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை. மிஷினிலிருந்து வருகிற உதிரி பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததைச் சிவப்புச் சாக்பீஸால் குறி போட்டு ஒதுக்க வேண்டும். மற்ற இன்ஸ்பெக்டர்கள் சாயங்காலம் சைரன் ஊதியதும் சாக்பீஸை டிராயரில் போட்டுவிட்டு மனிதர்களாக வீட்டுக்குப் போவார்கள். இவர் அதைப் பையிலேயே போட்டுக்கொண்டு வருவார். அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாவற்றிலும் இடது பக்கம் ரோஸ் கலரில் ஒரு கறை இருக்கும். முதல்முறை பார்த்தபோது, மனுஷருக்கு நெஞ்சில் ஏதோ அடி என்று நினைத்துப் பதறினேன்.

ஃபாக்டரியில் துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன இரும்புத் தண்டு உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. ஒரு நாள் கேன்டீனில் மெதுவடையின் ஓட்டைக்குள் அதை விட்டுப் பார்த்தார். இரண்டு முனையும் போனது. "ஓவர் சைஸ்" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். வடை போட்டவர் அடுத்த ஈட்டிலிருந்து ஓட்டையே போடாமல் தட்டினார்.

மகளுக்கு வரன் பார்த்த கதையை எங்கள் தெருவில் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பையனுக்கு இரண்டு காதும் ஒரே லெவலில் இல்லை. இன்னொருவன் நடக்கும்போது வலது செருப்பு மட்டும் தேய்கிறது. கடைசியில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவனுக்கு, அந்தப் பெண்ணே சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்த பிறகு, சம்மதித்தார். அளவு கொஞ்சம் பிசகியிருந்தாலும் வேலைக்கு ஆகும் என்று தெரிந்தால் 'கன்செஷன்' என்று சொல்லி விட்டுவிடுகிற வழக்கம் ஃபாக்டரியில் உண்டு. தாலி கட்டி முடிந்ததும் என் பக்கம் குனிந்து, "கன்செஷன்ல பாஸ், தம்பி" என்றார். அழுகிற மாதிரி இருந்தது முகம். ஆனால் அவர் முகம் எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

அவருடைய மனைவி தனம் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் எதிர்வீடு. ஆற்காட்டுப் பக்கத்துப் பெண். நெற்றியில் எட்டணா அளவுக்குக் குங்குமம். அந்த மனிதரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்து, முகத்தில் சிரிப்பு மிச்சம் வைத்திருந்தார் என்றால் அவர் எப்படிப்பட்ட மனுஷி என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். குழம்பில் உப்பு ஒரு கல் கூடியது என்று கணவர் ஆரம்பித்தால், "சாக்பீஸ் எடுத்து வந்து தட்டுல கோடு போடுங்க, நான் தொடச்சிக்கிறேன்" என்பார்.

அந்த அக்காவுக்கு நெஞ்சில் வால்வு கெட்டுப்போனது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வர வேண்டும். ஆவடி ஸ்டேஷனில் மேம்பாலப் படிகள் இருக்கின்றனவே, ஏறியவர்களுக்குத் தெரியும். அக்கா நடுப்படியில் உட்கார்ந்துவிடுவார். இவர் பக்கத்தில் குடையும் ஃபைலுமாக நிற்பார். "ஊர்ல இருக்கற வால்வையெல்லாம் பாத்து ரிஜெக்ட் பண்ணேன் தம்பி, வீட்டுக்குள்ள ஒண்ணு லீக் ஆவறது தெரியல" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். அவர் சொன்னதிலேயே ஜோக் மாதிரி இருந்தது அது ஒன்றுதான். நான் சிரிக்கவில்லை.

அக்கா படி ஏறக் கூடாது என்பதற்காகத்தான் அவர் கடன் போட்டுக் கார் வாங்கினார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் முதல் கார். சின்ன வெள்ளைக் கார். அதை ஷோரூமிலேயே சாக்பீஸ் இல்லாமல் வாங்கினாரா என்று கேட்காதீர்கள். அங்கே நடந்ததை நினைத்து அந்த விற்பனையாளர் இன்றைக்கும் தூக்கத்தில் எழுந்து உட்காருவார் என்றே நம்புகிறேன்.

வீட்டுக்குக் கொண்டு வருவதற்கு முன்னால் நேராகப் பூந்தமல்லிக்கு விட்டார். என்னையும் ஏற்றிக்கொண்டார். ட்ரங்க் ரோடு ஓரம் தகர ஷெட் போட்டு, காரின் பெயின்ட் கெடாமல் இருக்க மேலே ஒரு கோட்டிங் ஸ்ப்ரே அடித்துக் கொடுக்கிற கரீம் பாய் என்ற ஒருவர் அப்போது பிரபலம். கன் எடுத்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு காரின் மேல் படியும். பாய் ஒரு சொம்புத் தண்ணீரை ஏற்கெனவே கோட்டிங் அடித்த ஒரு காரின் மேல் ஊற்றிக் காட்டினார். சேப்பங்கிழங்கு இலை மேல் விழுந்ததைப் போலத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"பாத்துக்கினியா சார்? காக்கா எச்சம், வேப்பம்பால், சேறு, இன்னா வுழுந்தாலும் ஒட்டாது. அப்டியே வழுக்கிகினு பூடும்."

"எவ்ளோ நாள் வரும்?"

"மூணு வருசம் கேரண்டி சார். பாய் சொன்னா சொன்னதுதான்."

அடித்து முடித்த பிறகு ரிஜெக்ட் காரைச் சுற்றி வந்தார். மண்டியிட்டுப் பார்த்தார். படுத்துப் பார்த்தார். தானே சொம்பை வாங்கி ஒவ்வொரு கதவின் மேலும் தண்ணீர் ஊற்றினார். பாய்க்கு வியர்த்துவிட்டது. கடைசியில் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, "பாஸ்" என்றார். கன்செஷன் இல்லாத பாஸ். அவர் வாயால் அப்படி ஒரு பாஸை நான் கேட்டது அதுதான் முதல்முறை. வழியெல்லாம் மெதுவாக ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தார். பாட்டாகக்கூட இருக்கலாம்.

தெருவே கூடி நின்றது. பூசணிக்காய் தயார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் தயார். தனம் அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தட்டோடு வந்தார். சந்தனத்தைக் குழைத்து, காரின் பானெட் நடுவில் வட்டமாக அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணைத் திறந்தபோது பொட்டு அங்கே இல்லை. மெல்ல வழுக்கிக்கொண்டு கீழே போய்க்கொண்டிருந்தது. வெள்ளைப் பெயின்ட் மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்துக்கொண்டே போய், பம்பரைத் தாண்டி மண்ணில் விழுந்தது.

சந்தனம் தண்ணியாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அக்கா இன்னும் கெட்டியாகக் குழைத்து வைத்தார். அதுவும் இறங்கியது. மறுபடி வைத்தார். பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்திருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ரிஜெக்ட் தன் வாழ்க்கையின் பெரிய தப்பைச் செய்தார். நாற்பது பேருக்குக் கேட்கிற மாதிரி, பெருமை பொங்க, "பாத்தீங்களா? ஒட்டல. பாய் சொன்னது நெஜம்" என்றார்.

அக்காவின் கை தானாகத் தன் நெற்றிக்குப் போனது. அங்கே இருந்த குங்குமத்தை லேசாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அதை ரிஜெக்ட்டைத் தவிர எல்லாரும் பார்த்தோம்.

"பொட்டு நிக்காத வண்டியில நான் ஏற மாட்டேங்க" என்றார் அக்கா.

"இது கோட்டிங்குடி. வேதியியல்."

"என்னாவா வேணும்னா இருக்கட்டும். அதுல பொட்டு நிக்கற அன்னிக்கு ஏறறேன்."

அவ்வளவுதான். கார் வாங்கியது யாருக்காகவோ, அவர் ஏற மாட்டார். அடுத்த வாரமும் ஆஸ்பத்திரிக்கு மின்சார ரயிலில்தான் போனார்கள். கார் வாசலில் பளபளவென்று நின்றது. அதைத் தாண்டித்தான் இருவரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள்.

நான் அக்காவிடம் பேசிப் பார்த்தேன். படித்தவன் என்ற திமிரில், இதெல்லாம் மூடநம்பிக்கை அக்கா என்று ஆரம்பித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"என் வால்வு போனது போனதுதான் தம்பி. எனக்குத் தெரியும். ஆனா அவருக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. குங்குமம் வழிஞ்சது யாருக்கு ஆவாதுன்னு உனக்குத் தெரியாதா? நான் அவருக்கு முன்னாடி பூடணும். அது ஒண்ணுதான் சாமிகிட்ட கேக்கறேன். அதுக்குக் குறுக்கால இந்த வண்டி வரக்கூடாது."

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் புலம்பினேன். அவள் யோசித்துவிட்டு அலமாரியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். இருப்பதிலேயே பெரிய சிவப்புப் பொட்டாகப் பார்த்து பானெட்டில் ஒட்டினாள். கொஞ்ச நேரம் நின்றது. ரிஜெக்ட் வெளியே வந்து, முகத்தை பானெட்டோடு வைத்து அதை ஆராய்ந்துவிட்டு ஃபாக்டரிக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு ஜெனரல் மேனேஜர் ரவுண்ட்ஸ் வந்தபோது, இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு மூத்த அதிகாரி ஒருவர் வழுக்கை ஏறிய நெற்றியில் ஜொலிக்கிற சிவப்புப் பொட்டோடு உட்கார்ந்து பிஸ்டன் அளந்துகொண்டிருந்தார். யாருக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் வரை அப்படியே இருந்திருக்கிறார்.

வீட்டு வாசலில் அக்காதான் முதலில் பார்த்தார். படியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "வண்டியில நிக்காதது உங்க மண்டையில நிக்குதே" என்றார். அந்தத் தெருவில் அக்கா அவ்வளவு சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் ஸ்டிக்கர் பொட்டு கணக்கில் சேராது என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் ரிஜெக்ட் என்னைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனார். பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னா சார், கம்ப்ளெய்ன்டா?"

"ஆமா. கோட்டிங் ரொம்ப நல்லா இருக்கு."

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூணு வருசம்னு சொன்னியே. அதைக் கொறைக்க முடியுமா?"

"கொறைக்கணுமா?"

"ஒரு மாசம், ரெண்டு மாசம், அந்த மாதிரி."

பாய் முகத்தில் அப்படி ஒரு குழப்பத்தை அதற்கப்புறம் நான் யார் முகத்திலும் கண்டதில்லை. கேரண்டி முடியும் முன்னே போய்விட்டது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சீக்கிரம் போக வைக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. விஷயத்தை நான் சொன்னேன். பாய் 'ச்சு' கொட்டினார். தின்னர் போட்டுத் தேய்த்தால் கோட்டிங் போகும், ஆனால் அடியில் இருக்கிற பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும் என்றார். அதையும் செய்யச் சொல்லியிருப்பார் ரிஜெக்ட். ஆனால் நாங்கள் கிளம்பும்போதே அக்கா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தன் பயத்துக்காகப் புது வண்டியைச் சுரண்டக் கூடாது, பொட்டு தானாக நிற்க வேண்டும், சுரண்டி நிற்க வைத்த பொட்டு தனக்கு வேண்டாம் என்று.

பாய் தாடியைத் தடவிக்கொண்டு வழி சொன்னார். "ஷெட்டுல மூடி வெச்சா மூணு வருசம் வரும் சார். அதான் நாங்க சொல்ற கணக்கு. தெனமும் ஓட்டு. வெயில்ல போடு. தொடைக்காத. தானா பூடும்."

அன்றிலிருந்து எங்கள் தெரு பார்த்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் எல்லாரும் காரைக் காப்பாற்றப் பாடுபடுவார்கள். இவர் காரைக் கெடுக்கப் பாடுபட்டார். நிழலில் நின்றதை வெயிலுக்கு இழுத்து வந்தார். சாயங்காலத்தில் வேப்பமரத்தடியில் கொண்டுபோய் விட்டார். காக்காய் எச்சம் போடட்டும் என்று கூரை மேல் சோற்று உருண்டை வைத்தார். பார்த்தவர்கள், "இன்னிக்கு அமாவாசையா சார்?" என்று கேட்டுவிட்டுத் தங்கள் வீட்டுக் காலண்டரைப் பார்க்க ஓடினார்கள். குவார்ட்டர்ஸ் காக்காய்களுக்கு அவரைத் தெரியும். காலம் காலமாகக் கல்லெறிந்தவர். ஒன்றும் பக்கத்தில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குத்தம்பாக்கம் ரோட்டில் மணல் லாரிகளுக்குப் பின்னாலேயே ஓட்டுவார். லாரி மெதுவாகப் போனால் இவரும் மெதுவாகப் போவார். வழிவிட்டாலும் முந்த மாட்டார். லாரிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, "இன்னா நைனா, காத்தாலேருந்து பின்னாடியே வந்துகினு கீறே, போலீசா?" என்று கேட்டார். "இல்லப்பா, தூசிக்கு" என்றார் இவர். அந்த ஆள் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் வேகமாகப் போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் செம்மண்.

வெள்ளிக்கிழமை காலையில் சோதனை. அக்கா குளித்துவிட்டு, சின்னத் தட்டோடு வந்து பொட்டு வைப்பார். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குனிந்து நிற்பார். பால் வாங்கப் போகிறவர்கள், பைப்பில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் எல்லாரும் நின்றுவிடுவார்கள். முதலில் வைத்த கையோடு வழிந்தது. சித்திரையில் கொஞ்சம் யோசித்துவிட்டு வழிந்தது. ஆடி மாசத்தில் பாதி பானெட் வரை வந்து, அங்கே நின்று, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மறுபடி கிளம்பியது. "இன்னிக்கி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஃபாக்டரியில் கேட்பார்கள். அவரும் ஒழுங்காகப் பதில் சொல்வார்.

இதையெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டே பார்த்தோம். அக்கா அந்த மாசங்களில் இளைத்துக்கொண்டே போனார். கால் வீங்க ஆரம்பித்தது. ஒரு நாள் ஸ்டேஷன் படியில் அவர்களைப் பார்த்தேன். அக்கா உட்கார்ந்திருந்தார். ரயில் வந்து நின்று, போய்விட்டது. இவர் போகிற ரயிலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணுதான் தம்பி பாஸ் பண்ணேன். அதைப் பாஸ் பண்ணாம வுட்டிருக்கணும்."

எனக்கு அந்தக் கார் மேல் வெறுப்பாக வந்தது. அக்கா மேலும் கோபம் வந்தது. அன்பு வைத்தவர்களைக் கோபித்துக்கொள்ளத்தானே நமக்கு முடிகிறது.

ஆயுத பூஜை வந்தது. ஃபாக்டரியில் மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து அனுப்பினார்கள். ரிஜெக்ட் தன்னுடைய இரும்புத் தண்டுக்கு அக்கறையாகப் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கார் அப்போது கார் மாதிரியே இல்லை. வெள்ளை, சாம்பலாக மாறியிருந்தது. அக்கா இறங்கி வந்தார். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பொட்டு வைத்தார்.

நின்றது.

நாங்கள் காத்திருந்தோம். ரிஜெக்ட் குனிந்து ஊதிப் பார்த்தார். பக்கவாட்டில் போய் டார்ச் அடித்துப் பார்த்தார். பட்டப்பகலில் டார்ச். பொட்டு அசையவில்லை. தையில் அடித்த கோட்டிங் புரட்டாசியில் செத்தது. மூன்று வருஷம் என்ற பேச்சு தினப்படி வெயிலிலும் தூசியிலும் அவ்வளவுதான் தாங்கியது. தான் பாஸ் செய்த ஒரே பொருள் தோற்றுப்போனதற்கு ஒரு இன்ஸ்பெக்டர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் பார்த்தேன். சந்தோஷப்பட்டாலும் அதே முகம்தான். கண் மட்டும் நனைந்திருந்தது.

"ஏறு தனம். ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாம்."

"ஆஸ்பத்திரிக்கா? இவ்ளோ நாள் கழிச்சு ஏறறேன், அங்கயா கூட்டினு போவீங்க?"

திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போனார்கள். அங்கிருந்து பூந்தமல்லி. அப்புறம் அவர் லாரிக்குப் பின்னால் தூசி தின்ற குத்தம்பாக்கம் ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறார். இருட்டுவதற்குள் திரும்பினார்கள். ஜன்னல் வழியாகப் பொரிப் பொட்டலத்தை என் மனைவியிடம் நீட்டிக்கொண்டே அக்கா சொன்னார்: "வண்டி நல்லாத்தான் ஓடுது. இவருதான் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கினே ஓட்டறாரு."

வெள்ளிக்கிழமைப் பொட்டை அக்கா அதற்கப்புறமும் விடவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை வைத்தார். தீபாவளிக்கு முந்தின வாரம், ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். காரில்தான் போனார். படி ஏறாமல் போனார். திரும்பி வந்தது ஆஸ்பத்திரி வண்டியில். அதன் பின்னாலேயே இவர் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். லாரிக்குப் பின்னால் ஓட்டிப் பழகிய அதே வேகம்.

அக்காவைக் கூடத்தில் கிடத்திய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்தின் முதல் பெரிய மழை. ஆற்காட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ரிஜெக்ட்டைக் காணவில்லை. வாசலில் போய்ப் பார்த்தால் காருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். தான் முழுக்க நனைந்துகொண்டு, பானெட் மேல் குடையைத் தாழ்த்திப் பிடித்திருந்தார்.

"பொண்டாட்டி உள்ள கெடக்கறா, இந்த ஆளு காருக்குக் குடை புடிக்கிறான்" என்று அக்காவின் அண்ணன் கத்தினார். கையைப் பிடித்து இழுத்தார். ரிஜெக்ட் நகரவில்லை. அத்தனை பேர் கண்ணிலும் அவர் ஒரு நொடியில் ரிஜெக்ட் ஆனார்.

நான் பக்கத்தில் போனேன். குடைக்கு அடியில், பானெட் நடுவில், அக்கா கடைசி வெள்ளிக்கிழமை வைத்த பொட்டு காய்ந்து அப்படியே இருந்தது. சந்தன வட்டத்தின் ஓரத்தில் அவர் விரல் பதிந்த தடம் தெரிந்தது.

நான் என் வீட்டுக்கு ஓடிப்போய்த் தார்பாயைக் கொண்டுவந்தேன். அண்ணனிடம் பொட்டைக் காட்டினேன். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பொட்டில் படாமல் தூக்கிக் கட்டி முடித்தோம். அப்புறம்தான் ரிஜெக்ட் உள்ளே வந்தார். சட்டைப்பையில் இருந்த சாக்பீஸ் மழையில் கரைந்து, சட்டை முழுக்கச் சிவப்பாக வழிந்திருந்தது. "அவ கேட்டது கெடைச்சிடுச்சு தம்பி. முன்னாடி பூட்டா" என்றார்.

காரியம் எல்லாம் முடிந்து, மழை விட்டிருந்த ஒரு காலையில், பானெட்டுக்கு மட்டும் தார்பாய் கட்டிய காரில் பூந்தமல்லிக்குப் போனோம். பாய் அவிழ்த்துப் பார்த்தார். அவருக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது மேல கோட்டிங் அடிக்கணும்" என்றார் ரிஜெக்ட்.

"கன் வெச்சா காத்துல தூள் பறந்துடும் சார்."

"பறக்காம அடி."

பாய் கம்ப்ரசரைக் குறைத்தார். தூரத்தில் நின்று, பனி இறங்குவது போல விட்டு விட்டு அடித்தார். ஒரு பூச்சு காயும் வரை காத்திருந்து அடுத்தது. பகல் முழுக்க அந்த ஒரு உள்ளங்கை இடத்துக்கே போயிற்று. முடிந்ததும் பொட்டு கண்ணாடிக்குள் இருப்பது போல் இருந்தது. விரல் தடமும் இருந்தது. பாய் பழக்க தோஷத்தில் சொம்பை எடுத்துவிட்டு, ஊற்றாமல் கீழே வைத்தார்.

"எவ்ளோ நாள் வரும் பாய்?"

அந்தக் கோட்டிங் எவ்வளவு நாள் வரும் என்று பூந்தமல்லி வட்டாரத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் ரிஜெக்ட்தான். வெயிலிலும் மண்ணிலும் போட்டு, வாரா வாரம் குனிந்து நின்று பார்த்தவர். பாய்க்கும் அது தெரியும். பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூணு வருசம் சார்" என்றார். வியாபாரக் குரல் இல்லை.

ரிஜெக்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கை சட்டைப்பைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல், திரும்பி வந்தது.

"கன்செஷன்ல பாஸ்" என்றார்.

ரிட்டயர் ஆனதும் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார். அதே காரில், பகலில் மட்டும் ஓட்டி, லாரிகளை விட்டு ஒதுங்கி. அப்புறம் எனக்குத் தகவல் இல்லை. அந்தப் பக்கத்து வாசகர்கள் யாராவது, எங்காவது ஒரு பழைய வெள்ளைக் காரின் முன்னால் மங்கலாகச் சிவப்பு வட்டம் ஒன்றைப் பார்த்தால், அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.